செவ்வாயில் எடை குறைவுதானே, பறப்பது ஏன் கடினம்?

கேள்வி: செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் 38 சதவீதம்தான் என்று படித்தேன். அப்படியானால் அங்கே ஹெலிகாப்டர் எழும்புவது இன்னும் எளிதாக அல்லவா இருக்க வேண்டும்? 1.8 கிலோ எடையுள்ள ஒரு கருவி பத்தடி எழும்பியதை ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள்?
- கல்லூரி மாணவி, கும்பகோணம்

பதில்: கணக்கின் முதல் வரியைச் சரியாகவே போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது வரிதான் விட்டுப்போயிற்று. பலரும் அங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள்.

ஹெலிகாப்டரைத் தூக்குவது காற்று. இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது. அதன் எதிர்விசை இறக்கையை மேலே தூக்குகிறது. இதைத்தான் ஏற்றவிசை என்கிறோம். தள்ளுவதற்குக் காற்று வேண்டுமே! செவ்வாயின் தரையில் காற்றின் அடர்த்தி நம் காற்றில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான். எடை குறைவதால் கிடைக்கும் லாபம் இரண்டரை மடங்கு. காற்று மெலிவதால் வரும் நஷ்டம் நூறு மடங்கு. வகுத்துப் பார்த்தால், பூமியைவிட நாற்பது மடங்கு பின்தங்கி நிற்கிறோம். பூமியில் ஹெலிகாப்டர் ஏறிய உயர்ந்தபட்ச உயரம் 12 கிலோமீட்டர் சொச்சம். செவ்வாய்த் தரையில் உள்ள அளவுக்குக் காற்று மெலிய வேண்டுமானால், இங்கே 30 கிலோமீட்டருக்கும் மேலே போக வேண்டும்.

“அப்படியென்றால் இறக்கையை வேகமாகச் சுழற்றினால் போயிற்று” என்று அடுத்து கேட்பீர்கள். அதைத்தான் செய்தார்கள். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாயின் ஜெசரோ பள்ளத்தில் 39 விநாடிகள் பறந்த இன்ஜெனுயிட்டி, அதாவது நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கருவி, 1.2 மீட்டர் விட்டமுள்ள இரண்டு அடுக்கு இறக்கைகளை எதிரெதிர்த் திசையில் நிமிடத்துக்கு 2,500 முறைக்கு மேல் சுழற்றியது. நம் ஹெலிகாப்டர்களுக்கு 500 சுற்று போதும். ஆனால் வேகத்துக்கும் ஒரு எல்லை உண்டு. இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கினால் அதிர்வலைகள் உண்டாகி இழுவை, அதாவது காற்றின் எதிர்ப்பு, திடீரென ஏறிவிடும். செவ்வாயின் காற்று குளிர்ந்தது, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. அதில் ஒலி விநாடிக்கு 240 மீட்டர்தான் போகும், இங்கே 340. ஆக, அந்த எல்லை செவ்வாயில் இன்னும் சீக்கிரமே குறுக்கே வந்துவிடுகிறது. இன்ஜெனுயிட்டியின் நுனி வேகம் ஏற்கெனவே ஒலி வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கு. பருவம் மாறி, துருவத்தில் கார்பன் டை ஆக்சைடு உறைந்து காற்று மேலும் மெலிந்தபோது சுழற்சியை 2,700க்கு உயர்த்த வேண்டியிருந்தது.

இறக்கையை நீளமாக்கலாமே என்றால், எடை கூடும். அதைச் சுமந்து சென்ற பெர்சிவரன்ஸ் ஊர்தியின் வயிற்றடியில் மடங்கி உட்காரவும் வேண்டும்.

இவற்றைவிட என்னை வியக்கவைத்த சிக்கல் வேறொன்று. சுழலும் இறக்கை மேலும் கீழும் சற்றுச் சிறகடிக்கும். பூமியில் அடர்ந்த காற்றே அந்த ஆட்டத்தை உடனுக்குடன் அடக்கிவிடுகிறது. விமானி அதை நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. மெல்லிய காற்றில் அடக்க ஆளில்லை. ஆட்டம் நீடித்து, கட்டுப்பாட்டுக் கட்டளைகளோடு மோதுகிறது. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில், காற்றை வெளியேற்றிய பெரிய அறைக்குள் நடந்த ஆரம்பச் சோதனைகளில் மாதிரிக் கருவி எழும்பியது, ஆனால் கட்டுப்படவில்லை. எழும்புவது வேறு, பறப்பது வேறு என்பது அங்கே தெளிவானது. தீர்வாக, கார்பன் இழையில் மிக விறைப்பான இறக்கைகளைச் செய்தார்கள். இந்தத் திட்டத்தின் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐஐடியில் படித்தவர் என்பதை உங்களுக்குச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

சரி, ஹெலிகாப்டருக்குப் பதிலாக அசையாத இறக்கை வைத்த விமானம்? ஏற்றவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. நாற்பது மடங்கு பற்றாக்குறையை ஈடுகட்ட ஆறு மடங்கு வேகம் தேவை. இங்கே 100 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சிறு விமானம், அங்கே 600 கிலோமீட்டர் வேகத்தில், ஓடுபாதையே இல்லாத கல்காட்டில் இறங்க வேண்டும். நின்ற இடத்தில் எழும்பி இறங்கும் ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுத்ததற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

ஐந்து முறை பறக்கத் திட்டமிட்ட அந்தக் கருவி 72 முறை பறந்தது. 2024 ஜனவரியில் அதை நிறுத்தியது மெல்லிய காற்று அல்ல. பூமியிலிருந்து கட்டளை போய்ச்சேரவே பல நிமிடங்கள் ஆகும் என்பதால், தரையில் உள்ள கற்களைக் கேமராவில் பார்த்துத்தான் அது தானே வழியறியும். அடையாளமே இல்லாத மணல் மேட்டின்மீது தடுமாறி இறங்கியதில் இறக்கைகள் உடைந்தன.

உங்கள் ஊகம் முழுமையாகப் பொருந்தும் இடமும் ஒன்று இருக்கிறது: சனியின் துணைக்கோளான டைட்டன். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு, காற்றோ நான்கு மடங்கு அடர்த்தி. அதனால்தான் 2028இல் ஏவத் திட்டமிட்டிருக்கும் டிராகன்ஃபிளை, காரளவு பெரிய கருவியாக இருந்தும் அங்கே பறக்க முடியும்.