சட்டமன்ற உறுப்பினரைக் கைது செய்யலாமா?

2019ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், மலாக்கா காடேக் சட்டமன்ற உறுப்பினர் ஜி.சாமிநாதனும் நெகிரி செம்பிலான் சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் பி.குணசேகரனும் சொஸ்மா சட்டத்தின் கீழ்க் கைது செய்யப்பட்டனர். விடுதலைப் புலிகள் இயக்கத்தோடு தொடர்புடையவர்கள் என்பது காவல் துறையின் குற்றச்சாட்டு. அந்த வாரம் கெப்பாலா பத்தாஸில் நான் வழக்கமாகத் தேநீர் அருந்தும் கடையில் பெரியவர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நாம ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளு மேல போலீஸ் எப்படிக் கை வைக்க முடியும்? அவங்களுக்குன்னு ஒரு பாதுகாப்பு இருக்குல்ல?" என்று கேட்டார். பல்கலைக்கழகம் வரை போய் வந்தவன் என்று பெயர். ஆனால், சட்டென்று பதில் வரவில்லை. தேடிப் படித்த பிறகு தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதலில், பலரும் குழப்பிக்கொள்ளும் இரண்டு உரிமைகளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, அவையில் பேசிய பேச்சுக்காக நீதிமன்றத்திற்கு இழுக்கப்படாமல் இருக்கும் உரிமை. மற்றொன்று, கைது செய்யப்படாமல் இருக்கும் உரிமை. முதலாவது பெரியது. இரண்டாவது மிகச் சிறியது. நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுரிமையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1512இல் ரிச்சர்ட் ஸ்ட்ரோட் என்ற உறுப்பினர் ஈயச் சுரங்கத் தொழிலை ஒழுங்குபடுத்த மசோதா கொண்டுவர முனைந்தார். சுரங்கக்காரர்களின் தனி நீதிமன்றம் அவரைச் சிறையில் தள்ளியது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அவரைக் காப்பாற்றியது. (ஈயத்தால் வளர்ந்த நாட்டில் இருக்கும் நமக்கு இந்தக் கதை சற்று நெருக்கமாகத்தான் தோன்றும்.) 1642இல் முதலாம் சார்ல்ஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்கப் படையோடு அவைக்குள்ளேயே நுழைந்தார். அவர்கள் முன்னதாகவே தப்பிவிட்டனர். 1689ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், அவையில் பேசியதை வேறெந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதி வைத்தது. மன்னரின் கையிலிருந்து மக்களின் பேராளர்களைக் காப்பதே அதன் நோக்கம். குற்றம் செய்தவரைக் காப்பதன்று.

நம் கூட்டரசு அரசியலமைப்பின் 63ஆம் விதி அந்த வழியில் வந்ததே. நாடாளுமன்ற நடவடிக்கையில் பங்கேற்று ஒருவர் பேசியதற்கோ, அளித்த வாக்கிற்கோ அவர்மீது எந்த நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுக்க முடியாது. மாநிலச் சட்டமன்றங்களுக்கு 72ஆம் விதி இதே பாதுகாப்பைத் தருகிறது. கைதைப் பொறுத்தவரை, 1952ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சிறப்புரிமைச் சட்டம் அவையில் பேசியதற்காகக் கைது செய்வதைத் தடுக்கிறது. அதற்கப்பால் உறுப்பினருக்குக் கிடைப்பது உரிமையியல் கடனுக்காகக் கைது செய்யப்படுவதிலிருந்து சிறு விலக்கு மட்டுமே. குற்றவியல் சட்டத்திற்கு முன் மாண்புமிகுவும் நம்மைப் போன்றவரே. தடுப்புக் காவலுக்கு முன்னும் அப்படியே.

தடுப்புக் காவலைப் பற்றித் தமிழகத்திலிருந்து எழுந்த வழக்கு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. 1964 இறுதியில் திருச்சிராப்பள்ளி மக்களவை உறுப்பினர் கே.அனந்தன் நம்பியாரும் புதுக்கோட்டை உறுப்பினர் ஆர்.உமாநாத்தும் இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ்ச் சிறை வைக்கப்பட்டனர். நாடாளுமன்றம் செல்வது எங்கள் அரசியலமைப்புக் கடமை. அதைத் தடுக்கும் காவல் செல்லாது என்று அவர்கள் வாதிட்டனர். 1965 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. செல்லுபடியாகும் தடுப்புக் காவலுக்கு எதிராக உறுப்பினருக்குத் தனி உரிமை எதுவும் கிடையாது, இந்த விஷயத்தில் அவர் சாதாரணக் குடிமகனே என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டில் இது வெறும் ஏட்டுச் சட்டமாக இருக்கவில்லை. 1987 அக்டோபரில் தொடங்கிய ஓப்பராசி லாலாங்கில் 106 பேர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் (இசா) கீழ்ப் பிடிக்கப்பட்டனர். எதிர்க்கட்சித் தலைவர் லிம் கிட் சியாங், பினாங்கின் ஜெலுத்தோங் உறுப்பினர் கர்ப்பால் சிங், நம்மவர்களான வி.டேவிட், பி.பட்டு ஆகியோரும் அவர்களுள் அடங்குவர். 1988 மார்ச்சில் ஈப்போ உயர் நீதிமன்றம் கர்ப்பாலை விடுதலை செய்தது. சில மணி நேரத்தில் அவர் மீண்டும் கைது செய்யப்பட்டார். ஜெலுத்தோங் மக்களுக்கு அவையில் குரல் இல்லையே என்ற கேள்விக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

எங்கள் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்குண்டு. 2007 டிசம்பர் 13இல் இண்ட்ராப் தலைவர்கள் ஐவருக்கான இசா தடுப்பு ஆணையில் கையெழுத்திட்டவர், அன்றைய பிரதமரும் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சருமான அப்துல்லா அகமட் படாவி. 1978 முதல் 2013 வரை அவர் கெப்பாலா பத்தாஸின் நாடாளுமன்ற உறுப்பினர். ஐவருள் ஒருவரான எம்.மனோகரன், 2008 மார்ச் 8 பொதுத்தேர்தலில் கமுந்திங் முகாமில் இருந்தபடியே சிலாங்கூர் கோத்தா ஆலம் ஷா சட்டமன்றத் தொகுதியில் வென்றார். ஒரே நாளில் எங்கள் தொகுதி ஆணையிட்டவரை மீண்டும் தேர்ந்தெடுத்தது. கோத்தா ஆலம் ஷா அந்த ஆணையால் அடைபட்டவரைத் தேர்ந்தெடுத்தது. இரண்டும் மக்களின் வாக்குத்தான். ஆனால், வெற்றி சிறைக் கதவைத் திறக்கவில்லை. மனோகரன் 2009 மே மாதம்தான் வெளியே வந்தார். இசா 2012இல் நீங்கியது. அதன் இடத்தில் வந்ததே சொஸ்மா.

இனி பேச்சுரிமைக்கு வருவோம். தமிழ் மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டிய பகுதி இதுதான். 1969 மே 13 கலவரத்திற்குப் பின், 1971இல் 63ஆம் விதியில் நான்காவது உட்பிரிவு சேர்க்கப்பட்டது. குடியுரிமை, தேசிய மொழி, மலாய்க்காரர் சிறப்பு நிலை, ஆட்சியாளர்களின் இறைமை ஆகியவற்றைக் கேள்வி கேட்பதைத் தடுக்கும் சட்டமோ, தேச நிந்தனைச் சட்டமோ மீறப்பட்டால், அவைக்குள் பேசியதும் குற்றமாகும். அதாவது, நாடாளுமன்றமே தன் உறுப்பினர்களின் கவசத்தில் ஓட்டை போட்டுக்கொண்டது.

அந்த ஓட்டையில் சிக்கிய ஒருவர் சபாவைச் சேர்ந்த மார்க் கோடிங். 1978 அக்டோபர் 11இல் அவர் மக்களவையில் பேசியது என்ன தெரியுமா? சீனப் பள்ளிகளையும் தமிழ்ப் பள்ளிகளையும் மூட வேண்டும் என்பது. தேச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டது. 1971 திருத்தமே செல்லாது என்ற அவரது வாதத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 1982இல் தள்ளியது. பின்னர் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று கண்டு, நன்னடத்தைப் பிணையில் விடுவித்தது.

தமிழ்ப் பள்ளியில் படித்தவன் என்ற முறையில் இந்தத் தீர்ப்பு முதலில் எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது. முழுதும் படித்தபோது அந்த மகிழ்ச்சி குறைந்தது. பள்ளிகளை மூடச் சொன்னது தேச நிந்தனை அன்று என்றே நீதிபதி கண்டார். 152ஆம் விதி பிற மொழிகளைக் கற்பதையும் கற்பிப்பதையும் காக்கிறது. தமிழை ஒரு பாடமாகக் கற்பது அதில் அடங்கும், தமிழ்வழிப் பள்ளி அடங்காது என்பதே அதன் பின்னுள்ள விளக்கம். அந்த 152ஆம் விதியையே திருத்தலாம் என்று பேசியதுதான் அவரைக் குற்றவாளியாக்கியது. நம் பள்ளிகளைக் காத்தது இந்த வழக்கு என்று மேடைகளில் யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அதே கத்தி மறுபுறமும் வெட்டும். 2015 மார்ச் 10இல் அன்றைய லெம்பா பந்தாய் உறுப்பினர் நூருல் இசா, தம் தந்தை அன்வாரின் வழக்கையும் நீதித்துறையையும் பற்றி மக்களவையில் உரையாற்றினார். 16ஆம் நாள் அந்த உரைக்காகவே தேச நிந்தனைச் சட்டத்தின் கீழ்க் கைதாகி ஓர் இரவு காவலில் இருந்தார். மார்க் கோடிங்மீது வழக்குத் தொடுத்தபோது கைதட்டியவர்கள் நூருல் இசாவுக்காக வருந்த முடியுமா? முடியாது என்பதே என் எண்ணம். நம்மைத் தாக்கிப் பேசும் உறுப்பினரின் வாயைச் சட்டம் அடைக்க வேண்டும் என்று கேட்டால், நமக்காகப் பேசும் உறுப்பினரின் வாய்க்கும் அதே பூட்டுத்தான். தமிழ்ப் பள்ளியை மூடச் சொன்னவருக்கு அவையிலேயே எழுந்து பதில் சொல்ல நம் ஆட்கள் இருக்க வேண்டும். அது நடந்தால் போதும். என் வகுப்புத் தோழர் சிலர் இதை ஏற்க மாட்டார்கள் என்பது தெரியும்.

அவைக்கு வெளியே பேசுவோருக்கு அந்தக் கவசமும் இல்லை. கோத்தா மலாக்கா உறுப்பினராக இருந்த லிம் குவான் எங், 1998இல் 18 மாதச் சிறைத் தண்டனை பெற்றுத் தொகுதியையும் இழந்தார். ஓராண்டுக்குக் குறையாத சிறையோ 2,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமோ பெற்றவர் உறுப்பினராக நீடிக்க முடியாது என்கிறது 48ஆம் விதி.

சாமிநாதன், குணசேகரன் கதைக்குத் திரும்புவோம். சொஸ்மாவின் 13ஆம் பிரிவு பிணையை மறுப்பதால் இருவரும் விசாரணைக் கைதிகளாகவே இருந்தனர். சாமிநாதன் தொடுத்த வழக்கில், அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் 2019 நவம்பர் 29இல் கூறியது. 2020 பிப்ரவரி 21இல், கைதான பன்னிருவர்மீதும் வழக்கைத் தொடரப் போவதில்லை என்று சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் அறிவித்தார். அதுவரை நான்கு மாதங்களுக்கு மேல் காடேக்கும் சிரம்பான் ஜெயாவும் தங்கள் உறுப்பினரைச் சிறையில் வைத்துக்கொண்டிருந்தன.

இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் ஒருநாள் சுருக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ கடன்காரன் பிடிக்க முடியாது, போலீஸ் பிடிக்கலாம். அவ்வளவுதானே?" என்றார். ஆமாம் ஐயா, ஏறக்குறைய அவ்வளவுதான் என்றேன்.