கண்ணாடி முன் நிற்கும் பயிற்சி

பக்கவாதத்தினின்று தேறி எழுந்து நிற்கும் ஒருவரைக் கவனித்தால், உடற்பாரத்தின் பெரும்பகுதியை நல்ல காலின்மீதே சுமத்தியிருக்கக் காணலாம். கேட்டாலோ, நேராக நிற்பதாகவே கூறுவார். அது பொய்யன்று; உடலின் நடு எதுவென்று அவருக்குப் புலப்படுவதில்லை.

விழாமல் நிற்பதற்குக் கண், உட்செவி, பாதங்களிலும் மூட்டுகளிலும் உள்ள உணர்ச்சி ஆகிய மூன்றும் துணை. பாத உணர்ச்சி குன்றியோர் கண்ணை மூடினால் தள்ளாடுவர் என்பதைப் பெர்லின் மருத்துவர் ராம்பெர்க் 19-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக்காட்டினார். நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் இருட்டில் தடுமாறுவதும் இதனாலேயே.

ஆகவே கண்ணைக்கொண்டே காலுக்குப் பாடம் கற்பிக்கிறார்கள். ஆளுயரக் கண்ணாடியின் நடுவே செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். நெசவாளர் வீட்டில் நூலுக்குப் பஞ்சமா? நுனியில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால் போதும். பிம்பத்தின் மூக்கும் கொப்பூழும் அந்நூலுக்கு நேரே வருமாறு நின்று பழகவேண்டும். பெரிய மருத்துவமனைகளில் இதற்கெனப் பாரமறியும் மேடை உண்டு. பாரம் சாயுந்தோறும் திரையில் ஒரு புள்ளி நகரும்.

ஆயினும் 2004-இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பொன்று, மேடைப் பயிற்சியால் இரு கால்களிலும் பாரம் சமமாவதைக் கண்டதேயன்றி, நடையில் அந்நன்மையைக் காணவில்லை. நின்று பழகியது நிற்பதற்கே உதவிற்று. ஆதலின் கண்ணாடியையே நம்பியிருத்தல் ஆகாது. நேராக நின்றபின் முகத்தைத் திருப்பி, அந்நிலையைக் காலால் உணர்ந்து, மீண்டும் கண்ணாடியில் சரிபார்க்கவேண்டும். நடைப்பயிற்சியையும் உடன் செய்துவருதல் அவசியம்.

மருத்துவர் இசைவின்றித் தொடங்கற்க. பின்னே சுவரும், எட்டும் தூரத்தில் கனமான நாற்காலியும், நலிந்த பக்கத்தில் ஓர் ஆளும் இருத்தல் வேண்டும்.