வாயைக் கட்டுவது யார் வேலை?

அன்புள்ள யாழினி,

உடல் பருமனுக்குப் பெரிதும் காரணம் தனிமனிதரா, அரசின் கொள்கையா என்று கல்லூரியில் பட்டிமன்றம் வைத்திருக்கிறார்கள், உன்னைத் 'தனிமனிதரே' அணியில் போட்டுவிட்டார்கள், சித்தப்பா நாலு பாயின்ட் எழுதி அனுப்பணும் என்று கேட்டிருந்தாய். அனுப்புகிறேன். ஆனால் இதில் பாதி உன் அணிக்கு உதவும், மீதி எதிரணிக்குத்தான் போய்ச் சேரும். அதற்கு நான் பொறுப்பில்லை.

முதலில் உன் பக்கம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடையோடு இருக்கிறார்கள். அதற்கு முந்தைய சுற்றில் பெண்களின் கணக்கு 30.9தான். எதிரணி இதை எடுத்ததும் பீட்சா, பர்கர், பன்னாட்டு நிறுவனம் என்று ஆரம்பிக்கும். அங்கேயே பிடித்துக்கொள். நம்மில் பெரும்பாலானவர்கள் பெருத்தது வீட்டுச் சாப்பாட்டில். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. அதிலும் முக்கால்வாசி தீட்டிய அரிசி, அரைத்த மாவு, சர்க்கரை.

ஆய்வை விடு, ஞாயிற்றுக்கிழமை மதியம் நம் வீட்டு இலையைப் பார். சாம்பாருக்கு ஒரு தடவை சோறு, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை. பொரியல் ஒரே கரண்டி, அதுவும் ஓரத்தில், தொட்டுக்கொள்ள. 'போதும்' என்று கையைக் குறுக்கே வைத்தால் கைக்கு மேலேயே போடுவார் உன் பாட்டி. சாயங்காலம் டீ. ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு நாளைக்கு நாலு டம்ளர் என்றால் 40 கிராம் ஆகிவிடுகிறது. 2000 கலோரி சாப்பிடுபவருக்குச் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்ன கணக்கு. பலகாரத்தைத் தொடாமலே முக்கால் தூரம் வந்தாயிற்று. இதை எந்த நிறுவனமும் நம் வாயில் ஊற்றவில்லை.

'நான் ஒல்லி, எனக்கென்ன' என்று உன் தோழிகள் சொன்னால் இதையும் சொல். 2004-ல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் பக்கத்தில் பக்கத்தில் வந்தது. ஒருவர் புனேயின் யாஜ்னிக், இன்னொருவர் இங்கிலாந்தின் யட்கின். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றேதான், 22.3. உடலில் கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. எடை மெஷினை நம்பாமல் இஞ்ச் டேப்பை எடுக்கச் சொல். இடுப்புச் சுற்று பெண்ணுக்கு 80 செ.மீ., ஆணுக்கு 90. அதுதான் நமக்கு வைத்திருக்கும் எல்லை.

இனி எதிரணிக்கு. வாயைக் கட்டத் தெரியாதவன் என்று ஒருவரைச் சொல்வதற்கு முன் 2019-ல் அமெரிக்காவில் கெவின் ஹால் குழு செய்த சோதனையைப் படி. இருபது பேரை மருத்துவமனையிலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் தயாரான பாக்கெட் உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பாக்கெட் உணவு கிடைத்த நாட்களில் அதே ஆட்கள் தினமும் 500 கலோரி அளவுக்கு அதிகம் சாப்பிட்டார்கள், கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறினார்கள். மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினார்கள். ஆள் மாறவில்லை, மனவுறுதி மாறவில்லை, தட்டுதான் மாறியது. பருத்த பிள்ளையைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டால் திருந்திவிடும் என்று நினைக்கிற வாத்தியார்களும் சினிமாக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். படிக்க மாட்டார்கள்.

அந்தத் தட்டை யார் நிரப்புகிறார்கள்? நம் ஊரில் பெரும் பங்கு ரேஷன் கடை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். சர்க்கரை கிலோ 25 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு 30 ரூபாய். அரிசி மூட்டையாக வரும், பருப்பு அட்டைக்கு ஒரே கிலோ. அரிசி வேண்டாம் என்பவருக்குச் சர்க்கரை அட்டை என்று ஒன்று உண்டு. அரிசிக்குப் பதிலாகக் கூடுதல் சர்க்கரை வாங்கிக்கொள்ளலாம். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: பசி தீர்க்க வந்த திட்டம் இது, பசியைத் தீர்த்தது, இதைக் குறைக்கச் சொல்கிறவன் நானில்லை. ஆனால் கூலி வேலை முடித்து ஏழு மணிக்கு அடுப்பு மூட்டும் ஒரு பெண்ணிடம் சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காயையும் கூட்டு என்று சொல்ல, அரிசியை இலவசமாகக் கொடுத்துப் பருப்பை ஒரு கிலோவோடு நிறுத்திய அரசுக்கு என்ன வாய் இருக்கிறது? 2023-ல் நீலகிரியிலும் தர்மபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்க ஆரம்பித்தார்கள். சின்ன மாற்றம்தான், சரியான திசை.

வரி என்றதும் உன் அணியில் எல்லோரும் கொதிப்பார்கள். எல்லா வரியும் ஒன்றல்ல. 2016-ல் கேரளம் பிராண்டட் உணவகங்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் 'கொழுப்பு வரி' போட்டது. பக்கத்துக் கடையில் எண்ணெய் சொட்டும் பொரோட்டாவுக்கு ஒன்றுமில்லை. என்னைக் கேட்டால் அது விளம்பரத்துக்குப் போட்ட வரி. மெக்சிகோவின் கதை வேறு. 2014 ஜனவரியில் சர்க்கரை போட்ட பானத்துக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வைத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் விற்பனை, வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட 12 சதவீதம் குறைந்தது. ஏழை வீடுகளில் இன்னும் கூடுதலாகக் குறைந்தது. பிரிட்டன் 2018-ல் இன்னும் சாமர்த்தியமாகச் செய்தது. 100 மில்லிக்கு 5 கிராமுக்குள் சர்க்கரை என்றால் வரியே இல்லை, 5 முதல் 8 வரை ஒரு விகிதம், அதற்கு மேல் போனால் இன்னொன்று. வரி நடைமுறைக்கு வருவதற்குள் பல நிறுவனங்கள் தாங்களே சர்க்கரையைக் குறைத்துவிட்டன. குடிப்பவர் எதையும் கைவிடவில்லை, ஆனால் அவர் வயிற்றுக்குள் போன சர்க்கரை குறைந்தது. நம் நாட்டிலும் கோலாவுக்கு 40 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கிறது. சர்க்கரை நிறைய போட்டாலும் 40, போடாமல் விட்டாலும் 40. அப்புறம் ஏன் ஒருவர் குறைப்பார்? 2025 செப்டம்பரில் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், மிக்சர் எல்லாம் 5 சதவீதத்துக்கு இறங்கியது. விலைவாசி பார்த்துச் செய்த வேலை. எடை பார்த்துச் செய்ததல்ல.

இரண்டு அணிக்கும் பொதுவான ஓர் இடம் இருக்கிறது, அங்கேதான் நீ நின்று பேச வேண்டும் என்பது என் ஆசை. தெரிந்து தின்றால்தான் அது என் பொறுப்பு. ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார். எறும்பு எழுத்தில் ஒரு கட்டம், 'ஒரு பரிமாறலுக்கு' என்று ஒரு கணக்கு. அவர்கள் சொல்லும் ஒரு பரிமாறல் இரண்டோ மூன்றோ பிஸ்கட், நீ தின்பது பாக்கெட். சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரையோ உப்போ கொழுப்போ எல்லை தாண்டினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. முத்திரை விழுந்த பொருளில் குழந்தைகளை இழுக்கும் கார்ட்டூன் பொம்மை போடக் கூடாது, பள்ளிக்குள் விற்கக் கூடாது. படிக்கத் தெரியாத பாட்டியும் முத்திரையை எண்ணிவிடலாம். நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் முன்வைத்த வரைவில் எச்சரிக்கை இல்லை, நட்சத்திரம் இருந்தது. மிக மோசமான பொருளுக்கும் அரை நட்சத்திரம் கிடைக்கும். அதை எதிர்த்தவர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். சட்டம் எழுதிவிட்டால் போதும் என்றும் நினைக்காதே. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டத்தை விற்கக் கூடாது என்று 2020-லேயே விதி வந்துவிட்டது. நாலு மணிக்குப் பள்ளி விடும்போது போய் நின்று பார், விதி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

கடைசியாக, மேடைக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. உங்கள் விடுதி மெஸ் கமிட்டியில் உன் பெயர் இருப்பதாக அண்ணி சொன்னார். சாயங்காலம் தினமும் பப்ஸும் பாட்டில் ஜூஸும் போடுகிறார்கள் என்று போன தீபாவளிக்கு நீயே அலுத்துக்கொண்டாய். சுண்டலுக்கு ஆகும் செலவு பப்ஸைவிடக் குறைவாகத்தான் இருக்கும். டீயைச் சர்க்கரை போடாமல் வைத்து, சர்க்கரையைத் தனியாக வைக்கச் சொல், வேண்டுகிறவர் போட்டுக்கொள்ளட்டும். பொரியலுக்கு இரண்டாவது கரண்டி கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது என்று மினிட்ஸில் எழுதி வாங்கு. மாஸ்டர் முறைப்பார், சமாளி. மாதம் ஒன்று போனதும் எத்தனை பேர் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்கிறார்கள் என்று மட்டும் பார்த்து எழுது.

அன்புடன்,
சித்தப்பா