தன்னைப் பற்றி எழுதுதல்
வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு பாடம்

எமது நாட்டின் அரச பல்கலைக்கழகமொன்றிற்குச் செல்ல விரும்பும் பிள்ளை தன்னைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியதில்லை. பெரும்பாலான பாடநெறிகளுக்கு க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியும் மாவட்டமுமே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திற்கோ அங்குள்ள புலமைப்பரிசிலுக்கோ விண்ணப்பிக்கும் பிள்ளையிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்படுகிறது: "நீ யார்?"

இக்கேள்வி எமது பிள்ளைகளைத் திகைக்க வைக்கிறது. "எங்களிடம் எழுத என்ன இருக்கிறது? தோட்டமும் வீடும்தானே" என்று சிலர் பேனாவை மூடிவிடுகிறார்கள். இடம்பெயர்வையும் இழப்பையும் அள்ளி வைத்தால் இடம் கிடைத்துவிடும் என்று வேறு சிலர் எண்ணுகிறார்கள். இரண்டு எண்ணங்களையும் நாம் திருத்திக்கொள்ள வேண்டும்.

1. கேட்கப்படுவது என்ன?

ஐக்கிய அமெரிக்காவில் ஒரே படிவத்தின் மூலம் பல கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 'கொமன் அப்ளிகேஷன்' எனப்படும் இம்முறையை 1975 இல் 15 கல்லூரிகள் சேர்ந்து தொடங்கின. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இதில் இருக்கின்றன. தரப்படும் ஏழு தலைப்புகளில் ஒன்றைத் தெரிந்து, 250 முதல் 650 சொற்களுக்குள் பிள்ளை எழுத வேண்டும். சந்தித்த தடை, நன்றியுணர்வு, மனதை ஈர்த்த ஒரு விடயம் என்பன போன்றவை தலைப்புகள். ஏழாவது, விரும்பியதை எழுதலாம் என்பது. ஆகவே தலைப்பைத் தேடி அலைய வேண்டாம். முதலில் சொல்ல வேண்டியதைத் தேடுவோம். தலைப்பு தானாகப் பொருந்தும்.

ஐக்கிய இராச்சியத்தின் முறை வேறு. அங்கு 'யூகாஸ்' என்ற அமைப்பின் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். 2026 இல் படிப்பைத் தொடங்குவோர் முதற்கொண்டு, பழைய நீண்ட கூற்றுக்குப் பதிலாக மூன்று கேள்விகள் கேட்கப்படுகின்றன. இப்பாடநெறியை ஏன் படிக்க விரும்புகிறீர்? இதுவரை கற்றவை அதற்கு உம்மை எவ்வாறு தயார்ப்படுத்தின? கல்விக்கு வெளியே வேறு என்ன செய்தீர், அது ஏன் பயன்பட்டது? மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளிகள் உட்பட 4000 எழுத்துகளே இடம்.

வேறுபாட்டைக் கவனிப்போம். அமெரிக்கக் கல்லூரி ஆளை அறிய விரும்புகிறது. பிரித்தானியப் பல்கலைக்கழகம் பாடத்தில் அந்த ஆளுக்குள்ள பற்றை அறிய விரும்புகிறது. ஒன்றுக்கு எழுதியதை அப்படியே மற்றதற்கு அனுப்பக்கூடாது.

2. துன்பத்தை எழுதலாமா?

எழுதலாம். ஆனால் யாருடைய துன்பம் என்று முதலில் கேட்க வேண்டும். 2009 இல் போர் முடிந்தபோது, இன்று உயர்தரம் படிக்கும் பிள்ளை கைக்குழந்தை. அல்லது பிறந்திருக்கவே இல்லை. பதுங்குகுழியும் முகாமும் பெற்றோரின் கதை. பிள்ளையின் கதை அதற்குப் பின்னே தொடங்குகிறது: காணி திரும்பக் கிடைக்காத வீட்டில் வளர்ந்தது, அம்மா சில பேச்சுகளில் மௌனமானதைக் கவனித்தது, பற்றை வெட்டிய நிலத்தில் தகப்பனோடு முதற் செய்கை செய்தது. இவற்றைப் பிள்ளை தன் கண்ணால் கண்டது. ஆகவே தன் சொல்லால் எழுத முடியும்.

இன்னொன்றும் உண்டு. துன்பம் நடந்தது என்பது மட்டும் பிள்ளையைக் காட்டிவிடாது. அதன் நடுவில் அவர் என்ன நினைத்தார், என்ன செய்தார், எதை மாற்றிக்கொண்டார் என்பதே அவரைக் காட்டும். துன்பத்துக்கு இரண்டு வரி கொடுத்தால், பிள்ளையின் சிந்தனைக்கும் செயலுக்கும் பத்து வரி கொடுக்க வேண்டும்.

பாடசாலை மாறியது, படிப்பு தடைப்பட்டது, வருமானம் இல்லாதது போன்ற விபரங்களைக் கட்டுரைக்குள் திணிக்கத் தேவையில்லை. கொமன் அப்ளிகேஷனில் இடர்களையும் சூழ்நிலைகளையும் எழுதத் தனிப்பகுதி உண்டு. அங்கே ஆண்டு, இடம், விளைவு என்று நேராக எழுதலாம்.

சொல்ல விருப்பமில்லாததைச் சொல்லும் கடமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. ஒரு புலமைப்பரிசிலுக்காக ஆறாத காயத்தைத் திறந்து காட்டும்படி எவரும் வற்புறுத்தக்கூடாது. அயலவரின் பெயரையும், குடும்பத்துக்குத் தீங்கு வரக்கூடிய விபரங்களையும் தவிர்ப்பது நல்லது.

3. ஓர் எடுத்துக்காட்டு

ஒரு மாணவி இவ்வாறு தொடங்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம்:

"நான் ஓர் ஏழை விவசாயியின் மகள். போரினால் நாம் அனைத்தையும் இழந்தோம். எனினும் விடாமுயற்சியால் படித்து முன்னேறினேன்."

இதில் பொய் இல்லை. ஆனால் ஆயிரம் பிள்ளைகள் இதே வரிகளை எழுதலாம். அதே மாணவி இப்படியும் எழுதலாம்:

"வெங்காயத்துக்கு இறைக்கும் நாட்களில் தண்ணீர் திருப்புவது என் வேலை. கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேருமுன் மண்ணெண்ணெய் முடிந்துவிடும். ஒருநாள் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். முதற் பாத்தி நிரம்ப நான்கு நிமிடம், கடைசிப் பாத்திக்கு ஒன்பது. தண்ணீர் எங்கே போகிறது? வாய்க்காலைத் தடவிப் பார்த்து எலிவளைகளைக் கண்டுபிடித்தேன். களிமண் வைத்து அடைத்த பின்னர் ஒன்பது ஆறாயிற்று. அந்த ஆறு ஏன் நான்காகவில்லை என்று இன்னமும் யோசிக்கிறேன்."

'விடாமுயற்சி' என்ற சொல் இங்கே இல்லை. ஆனால் அது தெரிகிறது. கேள்வி கேட்கும் மனம் தெரிகிறது. பொறியியலையோ மண்ணியலையோ ஏன் படிக்க விரும்புகிறாள் என்பதும் விளங்குகிறது. தோட்டத்தில் எழுத எதுவுமில்லை என்று சொன்ன பிள்ளைக்கு இதுவே பதில்.

4. வீட்டுவேலையும் கணக்கில் சேரும்

அமெரிக்கப் படிவத்தில், பாடசாலைக்கு வெளியே செய்தவை பத்து வரை குறிக்கலாம். நகரத்துப் பிள்ளை விவாத மன்றத்தையும் கிரிக்கெட் அணியையும் எழுதும். எமது பிள்ளை வெறுமையாக விட்டுவிடும். அப்படி விடக்கூடாது. குடும்பப் பொறுப்பு, சம்பள வேலை என்பனவும் அப்படிவத்தில் உள்ள வகைகளே. தம்பி தங்கையைப் பார்ப்பது, மாடு மேய்ப்பது, விடுமுறையில் கூலிக்குக் களை பிடுங்குவது, பாட்டியை மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்வது யாவற்றையும் வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் என்று எழுதலாம்.

5. எழுதும் முறை

அ. முதல் வாரம் எழுதாமல் பேசுங்கள். "நான் எதை விடாமல் செய்வேன்? எதற்காக உங்களோடு வாதாடினேன்?" என்று பிள்ளை பெற்றோரிடம் கேட்கட்டும். ஆங்கிலம் தெரியாத தாயும் தகப்பனுமே இதற்குச் சிறந்த சாட்சிகள்.

ஆ. முதற்பிரதியைத் தமிழில் எழுதலாம். பின்னர் அதை மூடி வைத்துவிட்டு, அதே விடயத்தை எளிய ஆங்கிலத்தில் புதிதாக எழுத வேண்டும். அகராதியில் தேடிய பெரிய சொற்கள் வேண்டாம்.

இ. ஒரு சம்பவம் போதும். பிறந்ததிலிருந்து வரலாறு சொன்னால் 650 சொற்கள் முன்னுரைக்கே போய்விடும்.

ஈ. எழுதியதை ஆசிரியரிடம் கொடுத்து, "இதில் எப்படிப்பட்ட பிள்ளை தெரிகிறது?" என்று கேளுங்கள். எழுத்துப்பிழையை அவர் திருத்தலாம். கருத்தும் குரலும் பிள்ளையுடையனவாகவே இருக்க வேண்டும்.

6. பிறர் எழுதித் தரலாமா?

பணம் வாங்கிக்கொண்டு கட்டுரை எழுதித் தரும் முகவர்கள் இருக்கிறார்கள். இணையத்தில் மாதிரிக் கட்டுரைகளும் கிடைக்கின்றன. 2007 இல் ஐக்கிய இராச்சியத்தில் விண்ணப்பங்களைக் கணினியால் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சிறு வயதில் இரசாயனப் பரிசோதனை செய்து இரவு உடையில் ஓட்டை விழுந்த ஒரே கதை 234 விண்ணப்பங்களில் காணப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதிக் கொடுக்கிறது. அதன் எழுத்தைத் தன்னுடையதெனக் காட்டுவதை மோசடி என்றே கொமன் அப்ளிகேஷன் விதிகள் கூறுகின்றன. மோசடி வெளிப்பட்டால் கிடைத்த இடமும் பறிபோகலாம்.

7. அளவறிந்து முயல்வோம்

கட்டுரை விண்ணப்பத்தின் ஒரு பகுதி மட்டுமே. பெறுபேறும் ஆங்கில அறிவும் முன்னே நிற்கின்றன. வெளிநாட்டு மாணவரின் பணவசதியைப் பாராது தெரிவுசெய்து, தேவையான உதவி முழுவதையும் வழங்கும் கல்லூரிகள் மிகச் சிலவே. ஹார்வார்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹெர்ஸ்ட் ஆகியன அவற்றுட் சில. அங்கே போட்டி மிகக் கடுமையானது. ஆகவே காணியை ஈடுவைத்து முகவருக்குக் கொடுக்க வேண்டாம். உள்நாட்டு விண்ணப்பத்தையும் கைவிட வேண்டாம்.

அமெரிக்கப் படிவம் ஆகஸ்ட் 1 இல் திறக்கப்படும். பல கல்லூரிகளின் முடிவுத் திகதி ஜனவரித் தொடக்கத்தில் வரும். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிஜ் மற்றும் மருத்துவப் படிப்புகளுக்கு யூகாஸ் விண்ணப்பம் ஒக்டோபர் 15 க்குள் சேர வேண்டும்.

இடம் கிடைக்காவிட்டாலும் இம்முயற்சி வீண்போவதில்லை. தன் உழைப்பை உற்றுநோக்கி உண்மையாகச் சொல்லப் பழகிய பிள்ளை நேர்முகப் பரீட்சையிலும், கடன் கேட்கும் வங்கியிலும், காணிக் கந்தோரிலும் தலைநிமிர்ந்து பேசும்.

கலந்துரையாடலுக்கு:

1. எமது பிள்ளை செய்யும் வேலைகளில், நாம் வேலையென்றே எண்ணாதவை எவை?
2. எமது இடம்பெயர்வில் பிள்ளைக்குச் சொன்னவை எவை, சொல்லாதவை எவை? அவற்றை எழுதுமுன் யாரிடம் கேட்க வேண்டும்?
3. எமது கிராமத்தில் பிள்ளையின் ஆங்கிலப் பிரதியை வாசித்துத் திருத்த உதவக்கூடியவர் யார்?