முதற் கமரா: பழையதைத் தெரிதல்

கல்லூரி நிழற்படக் கழகத்தின் பொறுப்பு நம்மை வந்தடைந்த நாள் தொட்டு, மாணாக்கர் நம்மிடம் ஓயாது கேட்கும் வினா ஒன்றுண்டு. “சேர், முதன்முதலாய் எந்தக் கமரா வாங்கலாம்?” என்பதே அது. நன்னூல் கற்பிப்பவரிடம் கேட்கத்தக்க கேள்வியோ இது எனப் பழைய மாணவர் சிலர் நகைப்பர், நகைக்கட்டும். அவ்வாறு நகைத்தவர்களே இப்பொழுது தம் பிள்ளைகளின் பொருட்டு அதே வினாவுடன் வருவதனால், ஒருமுறை எழுதிவைத்தல் நன்றெனக் கருதி இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

புதுக் கமராவின் விலை நம் மாணாக்கருட் பலருக்கு எட்டாதது. ஆயின் காலம் ஒரு வாய்ப்பினைத் தந்துள்ளது. வில்லை வழியே வரும் ஒளியை ஆடியொன்று மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டுவதும், பொத்தானை அழுத்தியதும் அவ்வாடி விலகி ஒளியை உணரியின்மேல் விழவிடுவதும் டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். கமராவின் இயல்பு. 2018 இல் கெனன், நிக்கோன் ஆகிய யப்பானிய நிறுவனங்கள் இரண்டும் முழுச்சட்டக உணரி கொண்ட ஆடியில்லாக் கமரா வரிசைகளை வெளியிட்டன. அதன்பின் வசதியுடையோர் பலர் அவற்றுக்கு மாறித் தம் எஸ்.எல்.ஆர். கமராக்களை விற்றுவருகின்றனர். அவற்றுட் பல பழுதுற்றமையால் விற்கப்படுவன அல்ல.

எனினும், விற்கப்படுவன யாவும் நல்லன என்றும் கொள்ளலாகாது. ஈராண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் பழைய கமராவொன்றை வாங்கிவந்து நம் மேசைமேல் வைத்தான். அவன் தாயார் சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது. இரண்டு கோடியே நாற்பது இலட்சம் படப்புள்ளிகள் என்று கடைக்காரர் சொன்ன ஒரு சொல்லே அவனுக்குப் போதுமாயிருந்தது. “படமெல்லாம் புகார் மூடின மாதிரி இருக்குது, சேர். ஒருக்கால் பாருங்கோ” என்றான். வில்லையைக் கழற்றி, அதன் பின்புறமிருந்து ரோச் வெளிச்சத்தைப் பாய்ச்சி முன்புறமாய்ப் பார்த்தோம். உட்கண்ணாடியில் சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். தாயாரிடம் என்ன சொல்வதென்று அவன் நம்மையே கேட்டான். நமக்கும் விடை தெரியவில்லை.

ஆதலின் முதற் சோதனை ரோச் சோதனையே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் வீடுகளின் அலுமாரிகளிலுள்ள துணிகளே பூஞ்சணம் பிடிக்கின்றன. தோற்பையுள் இருளில் கிடக்கும் வில்லைக்குக் கேட்பானேன்? தூசி சிறிது இருப்பின் அஞ்சவேண்டியதில்லை. அது படத்திற் பெரும்பாலும் தெரியாது. பூஞ்சணமோ கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கவல்லது. துடைத்தபின்னும் வடு நிற்கும். எவ்வளவு மலிவாயினும் அத்தகைய வில்லையை வாங்கற்க.

அடுத்து உணரி. துவாரத்தை எஃப் 16 அளவிற்குச் சுருக்கி வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெருக்கிப் பார்த்தால் அழுக்குகள் கரும்புள்ளிகளாய்த் தோன்றும். அவற்றுட் பெரும்பாலானவற்றைத் துப்புரவாக்கலாம். கீறலை நீக்க இயலாது. பின்னர்ச் சட்டர் எத்தனை முறை இயங்கியுள்ளது என்று வினவுக. நிக்கோன் கமராக்கள் இவ்வெண்ணிக்கையைப் படக்கோப்பினுள்ளேயே பதிந்துவைக்கும். கணினியில் எளிதிற் காணலாம். கெனனில் அது பெரும்பாலும் படத்தில் எழுதப்படுவதில்லை. கமராவையே கணினியில் இணைத்துத் தனி மென்பொருளாற் பார்த்தல் வேண்டும். 2010 இல் வெளிவந்த நிக்கோன் டி7000 இன் சட்டர் 150,000 இயக்கங்களுக்குச் சோதிக்கப்பட்டது. 30,000 காட்டும் கமராவுக்கு அஞ்சவேண்டா; 140,000 காட்டுவதற்கு விலையைக் குறைத்துக் கேட்க. பற்றரி வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.

“செப்பனிடப்பட்டது” என்னுஞ் சொல்லில் இரு பொருள் உண்டு. உற்பத்தி நிறுவனமே சோதித்து, எழுத்தில் உத்தரவாதம் தந்து விற்பது ஒன்று. கடைக்காரர் துணியால் துடைத்துப் பெட்டியிலிட்டு விற்பது மற்றொன்று. எப்பகுதி மாற்றப்பட்டது என்று கேட்டால் வேறுபாடு விளங்கிவிடும்.

படப்புள்ளி மயக்கத்தைக் கணக்கொன்றினால் தீர்ப்போம். ஏ4 தாள் அகலத்தில் 8.27 அங்குலமும் உயரத்தில் 11.69 அங்குலமும் உடையது. அங்குலத்துக்கு 300 புள்ளியாக அச்சிட ஏறக்குறைய 87 இலட்சம் புள்ளிகள் போதும். 2008 இல் வந்த நிக்கோன் டி90 இலேயே 1 கோடியே 23 இலட்சம் உண்டு. எனவே கூடுதற் புள்ளிக்குக் கொடுக்கும் காசை வில்லைக்குக் கொடுப்பதே நம் கருத்து.

வில்லை வாங்குமிடத்தும் ஒரு பொறி உண்டு. நிக்கோனின் வில்லைப் பொருத்துவாய் 1959 முதல் வழங்கிவருவது. எனவே பழைய வில்லைகள் மலிவாய்க் கிடைக்கும். ஆனால் டி3300, டி5300 போன்ற சிறு கமராக்களுக்குள் குவிய மோட்டார் இல்லை. தன்னுள் மோட்டார் இல்லாத பழைய வில்லையைப் பூட்டினால் கையாலேயே குவியஞ் செய்தல் வேண்டும். டி90, டி7000 ஆகியவற்றில் அக்குறை இல்லை. கெனனின் ஈ.எஃப். வில்லைகள் 1987 இல் தொடங்கியவை. அவற்றுள் மோட்டார் இருப்பதால் அவ்வரிசைக் கமராக்களில் இத்தொல்லை எழாது. நம்மைக் கேட்பின், நல்ல நிலையிலுள்ள டி7000 ஒன்றும் 35 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லையொன்றும் தொடங்குவோர்க்குப் போதும் என்போம்; கெனன் விரும்புவோர் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 கொள்க. பெருக்கிக் குறைக்கும் வசதி இவற்றில் இல்லை. கால்களால் நடந்து சரிசெய்து கொள்ளலாம்.

அம்மாணவனின் கமரா உடல் நல்லதாகவே இருந்தது. கீழ் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்து எட்டு மாதத்தில் காசு சேர்த்து, பழைய வில்லையொன்றை வாங்க நம்மையும் அழைத்துச் சென்றான். ரோச் அவன் கையிலேயே இருந்தது; மூன்று வில்லைகளை மறுத்து நான்காவதை வாங்கினான். பூஞ்சணம் பிடித்த பழைய வில்லையைக் கழகத்துக்கே தந்துவிட்டான். மற்ற வில்லைகளோடு சேராவண்ணம் தனிப் பெட்டியில் வைத்துள்ளோம். புதிதாய்ச் சேரும் மாணவர்க்கு முதல் நாட்பாடம் அதனைக் கொண்டே நடைபெறுகிறது.