விண்ணிலும் உடற்காவல்

1970ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள் அப்போலோ 13 விண்கலம் நிலவை நோக்கிப் புறப்பட்டது. அதில் செல்லப் பயிற்சி பெற்றிருந்த கென் மேட்டிங்லி தரையிலேயே தங்கிவிட்டார். சில நாள்களுக்கு முன், மாற்றுக் குழுவைச் சேர்ந்த சார்லஸ் டியூக்கிற்கு ருபெல்லா என்னும் அம்மை கண்டது. இரு குழுவினரும் உடன் பழகியவர்கள். ஆகவே, குருதி ஆய்வு நடைபெற்றது. மற்ற இருவருக்கும் அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் இருந்தது, மேட்டிங்லிக்கு இல்லை. அவரிடத்தில் ஜாக் சுவைகெர்ட் சென்றார்.

குருதியில் தேடப்பட்டது எதிர்ப்பொருள். கிருமி உடலுள் நுழைந்ததும், பி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் அதற்கெனத் தனி எதிர்ப்பொருளை உருவாக்குகின்றன. பூட்டிற்கு ஏற்ற சாவிபோல அது அக்கிருமியோடு பொருந்தும். நோய் நீங்கிய பின்னும் சில செல்கள் அக்கிருமியை நினைவில் வைத்திருக்கும். தடுப்பூசி, நோயின்றியே இந்நினைவைத் தருகிறது.

விண்வெளியில் இக்காவல் என்னவாகும்? எடையின்மை, கதிர்வீச்சு, உறக்கக் குறைவு, மன அழுத்தம் ஆகியவற்றால் டி செல்கள் என்னும் மற்றொரு வகை வெள்ளணுக்களின் செயல் தளர்கிறது. அதனால், முன்பு சின்னம்மையைத் தந்து, நரம்பணுக்களில் உறங்கிக்கிடந்த தீநுண்மி சிலரிடம் மீண்டும் விழித்தெழுந்து உமிழ்நீரில் வெளிப்படுகிறது.

தடுப்பூசியைப் பற்றி நம்பிக்கையூட்டும் சான்று உண்டு. 2015-16இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 340 நாள்கள் வாழ்ந்த ஸ்காட் கெல்லி, அங்கேயே சளிக்காய்ச்சல் தடுப்பூசி செலுத்திக்கொண்டார். அவருடன் பிறந்த இரட்டையரான மார்க் தரையில் இருந்தார். தரையில் நிகழ்வது போன்றே விண்ணிலும் உடல் தடுப்பூசிக்கு வினையாற்றியதை 2019இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும், ஒருவரிடம் கண்டதை அனைவர்க்கும் விதியாக்க இயலாது. அப்போலோ 14 முதல் பயணிகளைப் புறப்பாட்டிற்கு முன்பே தனித்திருக்கச் செய்யும் முறை வந்தது; இன்றும் தொடர்கிறது.

மேட்டிங்லிக்கு ருபெல்லா வரவேயில்லை. 1972இல் அப்போலோ 16இல் அவர் நிலவைச் சுற்றிவந்தார். உடன் சென்ற இருவருள் ஒருவர், அதே டியூக்!

சொற்பொருள்
குருதி – இரத்தம்
தீநுண்மி – வைரஸ்
உமிழ்நீர் – எச்சில்

வினாக்கள்
1. மேட்டிங்லி ஏன் தரையில் தங்க நேர்ந்தது?
2. பி செல்களின் பணி யாது?
3. விண்ணில் தளர்வது எது? தளராதிருந்ததாக ஆய்வு காட்டியது எது? வேறுபடுத்தி எழுதுக.
4. 'உடன் பழகியவர்கள்' – இத்தொடரைச் சொந்த வாக்கியத்தில் அமைத்து எழுதுக.