கறவை மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி: கவனிக்க வேண்டியவை

வத்தலக்குண்டு, நிலக்கோட்டை வட்டாரங்களில் நெல்லும் வாழையும் தென்னையும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் ஒன்றிரண்டு கறவை மாடுகளும் வைத்திருக்கிறார்கள். மழை பிடித்துத் தொழுவத்தில் ஈரம் தங்கும் நாட்களில் மடிவீக்கமும் தொண்டை அடைப்பானும் தலைகாட்டுகின்றன. இவ்விரண்டும் பாக்டீரியா என்னும் நுண்கிருமிகளால் உண்டாகும் நோய்களாகும். நோய் கடுமையாகும்போது ஆன்டிபயாடிக் ஊசியே மாட்டைக் காப்பாற்றும்.

தொண்டை அடைப்பானில் கடுங்காய்ச்சல் கண்டு, தொண்டை வீங்கி, மாடு குறட்டை போன்ற ஒலியுடன் மூச்சு விடும், எச்சில் வழியும். ஒரே நாளில் மாடு இறந்துவிடவும் கூடும். ஆகவே, விடியட்டும் என்று காத்திராமல் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மடிவீக்கத்தில் மடி சூடாகிக் கல் போல் இறுகும். பால் திரிந்து வரும். மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலும் கண்டால் நோய் கடுமை என்று கொள்ளலாம்.

கோமாரியும் மூன்று நாள் காய்ச்சலும் வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் அவற்றைக் கொல்லாது. புண்ணில் வேறு கிருமி சேராதிருக்க மருத்துவர் சில சமயம் அதைப் போடுவதுண்டு, அது வேறு.

இம்மருந்துகளில் பெரும்பாலானவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது சட்டம். காரணம் இல்லாமல் இல்லை. மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. சில ஊசிகள் சதையில் மட்டுமே போடத்தக்கவை. பால் போல் வெளுத்திருக்கும் புரோக்கெய்ன் பென்சிலின் இரத்தக் குழாயில் ஏறினால் மாடு அங்கேயே விழுந்து இறக்கவும் கூடும். பின் தொடையில் இடம் தவறிக் குத்தினால் நரம்பு கெட்டுக் கால் இழுத்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு மாட்டுக்கு வாங்கியதில் மீந்த பாதிக் குப்பியை நம் மாட்டுக்குப் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதை இதிலிருந்தே அறியலாம்.

மருத்துவர் வந்ததும் மாடு சினையா, எத்தனை லிட்டர் கறக்கிறது, முன்பு என்ன ஊசி போடப்பட்டது என்பவற்றைச் சொல்லுங்கள். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் மாட்டின் அருகிலேயே இருங்கள். கண் இமை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். மூன்று நாள் அல்லது ஐந்து நாள் என்று அவர் சொன்னால் அத்தனை நாளும் ஊசி போட வேண்டும். இரண்டாம் நாள் மாடு தீனி தின்னத் தொடங்கியதும் நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகக்கூடும். மருந்துக்கு அடங்காத கிருமிகளும் தலையெடுக்கும். அத்தகைய கிருமிகள் மனிதரையும் தாக்கும். மனிதருக்குக் கடைசி நேரத்தில் கை கொடுக்கும் கோலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்குக் கொடுக்க மத்திய அரசு 2019-இல் தடை விதித்தது இதனால்தான்.

இனிப் பாலைப் பற்றிப் பார்ப்போம். கத்தரிக்கும் தக்காளிக்கும் மருந்து தெளித்த பின் சில நாட்கள் கழித்தே பறிக்கிறோம் அல்லவா? அதே காத்திருப்புக் காலம் பாலுக்கும் உண்டு. கடைசி ஊசி போட்ட நாளிலிருந்து இதைக் கணக்கிட வேண்டும். எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். குப்பியின் சீட்டில் அச்சிட்டிருக்கும். சீட்டில் இல்லையெனில் பாலுக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் என்று 2012-இல் மருந்து விதிகளில் சேர்க்கப்பட்டது. நோய் ஒரு காம்பில் மட்டும் இருந்தாலும் நான்கு காம்புப் பாலையும் ஒதுக்க வேண்டும். மருந்து இரத்தத்தின் வழியே மடி முழுவதும் சேர்கிறது. காய்ச்சினால் மருந்து போய்விடும் என்று நினைப்பது தவறு. ஊசி போட்ட மாட்டின் பால் சில சமயம் உறையாமல் நிற்பதைப் பெண்கள் கவனித்திருப்பார்கள். தயிராக்கும் நல்ல கிருமிகளையும் மருந்து அழித்துவிடுவதே காரணம். பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு அந்தப் பால் தீங்கு செய்யும். சங்கத்தில் ஊற்றினால் கேன் முழுவதும் கெடும். கன்றுக்கும் ஊட்டாமல், கிணற்றுக்குத் தள்ளிக் குழியில் கொட்டி மூடுங்கள்.

ஏழு நாள் பால் நஷ்டம் சிறு குடும்பத்துக்குச் சுமைதான். தொண்டை அடைப்பானுக்கு அந்தச் சுமையைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. இராணிப்பேட்டையில் உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்நோய்க்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. ஆண்டுதோறும் மழைக்கு முன்பே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் மாட்டுக்கு இதைப் போட்டுக்கொள்ளலாம்.